கட்டம் ஒன்று, பெயர் பல

உலகிலுள்ள எப்பொருளும் பல தன்மைகளை உடையது என்பது நம் ஆன்றோர் கண்ட மெய்ம்மை. ஆனால் வாழ்க்கையோ ஒவ்வொரு நாளும் நம்மிடம் ஒரே விடையை வேண்டி நிற்கிறது. இச்செயல் தக்கதா, தகாததா? இப்பொருளை வாங்கலாமா, கூடாதா? இவர் கூற்று ஏற்கத்தக்கதா, அன்றா? பல பக்கங்களையும் காண்பதே அறிவு எனின், ஒரு பக்கத்தைத் துணிவது எங்ஙனம்? ஒன்றைத் துணிந்துவிட்டால் ஏனைய பக்கங்களை மறுத்த குற்றம் வந்து சேராதோ? இவ்வினா பண்டிதர் அவைக்கு மட்டும் உரியதன்று. அடுக்களையிலும் அங்காடியிலும் வகுப்பறையிலும் நாள்தோறும் எழுவது. இதனை ஆராய்வதற்கு மிக எளிய பொருள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது குறுக்கெழுத்துப் புதிர். அதிலும் முழுமையும் குதிரையைப் பற்றியே அமைந்த ஒரு புதிர்.

வேலூருக்குத் தெற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில், காடு சூழ அமைந்த சிற்றூர் அமிர்தி. அங்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலரும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலருமாக விடுமுறை நாள்களில் கூடிப் புதிர்களை விடுவிப்பது நம் வழக்கம். அண்மையில் இதழொன்றில் வந்த குதிரைப் புதிர் நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அமிர்திப் பிள்ளைகள் வனத்துறையின் சிறு விலங்குப் பூங்காவில் மானைக் கண்டிருப்பர். காட்டோரத்தில் குரங்கைக் கண்டிருப்பர். குதிரையையோ வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களிலும், ஊர்த் தெய்வங்களின் முன் நிற்கும் சுதை வடிவிலும் கண்டதே மிகுதி. ஆதலின் அவர்களுக்குக் குதிரை என்பது பெரும்பாலும் ஒரு சொல்லே. சொல்லை மட்டும் அறிந்தவர் பொருளை எவ்வாறு அறிவர் என்பதற்கு அப்புதிர் ஓர் எடுத்துக்காட்டாயிற்று.

புதிரும் தமிழும்

குறுக்கெழுத்துப் புதிர் மேலைநாட்டு வரவு. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் நாளிதழில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட புதிரே இக்காலப் புதிர்களுக்கு முன்னோடி என்பர். அது தமிழுக்கு வந்தபோது தமிழின் இயல்புக்கேற்ப உருமாறிற்று. நம் மொழியில் உயிர்மெய் எழுத்து முழுமையும் ஒரு கட்டத்துள் அடங்கும். மெய்யெழுத்துத் தனிக் கட்டம் பெறும். ஆதலின் குதிரைக்கு மூன்று கட்டம், கடிவாளத்துக்கு ஐந்து கட்டம். இன்னும் ஒரு மாற்றமும் உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்னும் இரண்டோடு நில்லாமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என நான்கு திசையிலும் சொற்களை ஓடவிடுவது தமிழிதழ்ப் புதிர்களில் பெருவழக்கு. ஒரே கட்டத்தை நான்கு பக்கத்திலிருந்தும் அணுகும் இம்முறை, நம் சமயத்தார்க்கு ஏற்புடையதே.

எனினும், கட்டங்களில் எழுத்தை நிறுத்திப் பல வழியில் படிக்கும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்திரக்கவி என்னும் பெயரால் அது பன்னூற்றாண்டுகளாக இங்கு வழங்கி வருகிறது. அதில் குதிரைக்கும் இடமுண்டு. காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268-இல் தோன்றிய வேதாந்த தேசிகர், தம் ‘பாதுகா சகசிரம்’ என்னும் வடமொழி நூலில் ‘துரகபத பந்தம்’ என ஒன்றை அமைத்தார். முப்பத்திரண்டு எழுத்துகளைக் கொண்ட ஒரு சுலோகத்தை, வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சதுரங்கத்தில் குதிரைக்காய் தாவும் முறைப்படி ஒரு கட்டமும் விடாமல், ஒரு கட்டத்தில் இருமுறை நில்லாமல் படித்துச் செல்ல வேண்டும். அவ்வாறு படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும். எழுத்துகள் அவையே; கட்டங்கள் அவையே; செல்லும் வழி மாறியதும் பொருள் மாறிற்று. முதற்சுலோகமும் மெய், இரண்டாஞ் சுலோகமும் மெய். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

நிகண்டு காட்டும் நெறி

புதிரை விடுவிக்க அமர்ந்தவுடன் நமக்குத் துணைவந்தது அகராதியன்று, நிகண்டே. மண்டல புருடர் என்னும் சைன ஆசிரியர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்ட அந்நூல் இரண்டு பெரும் உண்மைகளைப் புலப்படுத்துகிறது. ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டு என்பது ஒன்று. ஒரு பெயருக்குப் பல பொருள் உண்டு என்பது மற்றொன்று. இதற்கெனவே பதினோராம் தொகுதி அமைந்துள்ளது.

குதிரையையே காண்க. புரவி, பரி, இவுளி, வாசி, மா எனப் பெயர்கள் நீள்கின்றன. சேரன் குதிரைக்குப் பாடலம் என்றும், சோழன் குதிரைக்குக் கோரம் என்றும், பாண்டியன் குதிரைக்குக் கனவட்டம் என்றும் தனிப்பெயர்களும் உண்டு. இனி மறுபக்கம் வருவோம். ‘மா’ என்பது குதிரை; அதுவே மாமரம்; அதுவே விலங்கின் பொதுப்பெயர்; அதுவே இருபதில் ஒரு பங்கு என்னும் அளவு. ‘வாசி’ என்பது குதிரை. சித்தர் வழக்கில் அது மூச்சு. நம் வகுப்பறையிலோ ‘படி’ என்னும் ஏவல். ஒரு சொல்லைக் கேட்டவுடன் இதுதான் பொருள் என்று துணிபவர் நிகண்டு கற்றவராகார். ‘ஒருவாற்றான்’ என்னும் அடைமொழியோடு எதனையும் கூறுக என நம் தருக்க நூலோர் வற்புறுத்தியதை, நிகண்டாசிரியர் சொற்களின் வாயிலாகவே பயிற்றிவிட்டார் எனலாம்.

குறுக்கெழுத்துப் புதிரோ நிகண்டைத் தலைகீழாக்கியது. நிகண்டு பெயர்களைப் பெருக்கிக் காட்டுகிறது. புதிர் பெயர்களைக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்துகிறது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா இங்குதான் உயிர்பெறுகிறது.

காரியா, ஓரியா?

புதிரில் ஒரு குறிப்பு வருமாறு: கடையெழு வள்ளல்களில் ஒருவன், அவன் ஏறிய குதிரைக்கும் அவன் பெயரே, இரண்டெழுத்து. இரண்டாம் கட்டத்தில் ‘ரி’ என்பது முன்னரே கிடைத்துவிட்டது. மூன்று பிள்ளைகள் மூன்று விடை கூறினர். ஒருவன் ‘காரி’ என்றான். ஒருத்தி ‘ஓரி’ என்றாள். மற்றொருவன் ‘பாரி’ என்றான்.

சிறுபாணாற்றுப்படையைக் கற்றோர் அறிவர்: மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர், வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர். இருவரும் வள்ளல்கள். இரண்டு விடையும் குறிப்புக்கு முழுமையாகப் பொருந்துகின்றன. பாரியும் வள்ளலே, முல்லைக்குத் தேர் ஈந்தவன், ஆனால் அவன் பெயரில் குதிரை இல்லை. அவ்விடை பொருந்தவில்லை.

அப்போது ஒரு பெரியவர், “எல்லாப் பக்கமும் உண்மைதானே, மூன்றையும் சரி என்று விட்டுவிடலாமே” என்று நகைத்தார். அநேகாந்தத்தைப் பற்றிப் பலரும் கொள்ளும் கருத்து இதுவே. எல்லாம் சரி என்று கையை விரிப்பதே அந்நெறி என எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். யானையைத் தடவிய குருடர் கதையை அறியாத இல்லம் நம்மிடையே இல்லை. அக்கதையில் தூண் என்றவனுக்கும் முறம் என்றவனுக்கும் ஓரளவு உண்மை உண்டு. யானையைத் தொடாமலே வாய்க்கு வந்ததைக் கூறியவனுக்கு அதில் இடமில்லை. பாரி என்னும் விடை அத்தகையது. பல பக்கம் உண்டு என்பதால் பொய்யும் ஒரு பக்கம் ஆகிவிடாது.

எஞ்சியவை இரண்டு. அவற்றுள் எது? அதனைத் துணிவிக்க ஒரே வழிதான் உண்டு. குறுக்கே செல்லும் சொல்லைப் பார்க்க வேண்டும். முதற்கட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சென்ற குறிப்பு, குதிரையின் விரைந்த செலவைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல்லைக் கேட்டது. ‘ஓட்டம்’ என்பது பொருந்திற்று. ஆதலின் ஓரி என எழுதினோம். ஆனால் காரி என்ற சிறுவனிடம், “உன் விடை தவறு” என்று கூறவில்லை, “உன் விடை உண்மை, இவ்விடத்துக்கு உரியது அன்று” என்றோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்திலேயே நமக்குப் புகட்டப்பட்ட பாடம் இது: பிள்ளையின் விடையைக் கோடிட்டு அடிக்குமுன், அவன் எவ்வழியே அவ்விடைக்கு வந்தான் என்பதைக் கேட்டறிக.

விடைகள் மூவகைப்படும் என்பது இதனால் விளங்கும். பொய்யானவை ஒருவகை. உண்மையாயினும் இவ்விடத்துக்கு உரியனவல்லாதவை ஒருவகை. உண்மையும் உரிமையும் ஒருங்கே உடையவை ஒருவகை. இம்மூன்றையும் பகுத்தறியாமையே உலகப் பூசல் பலவற்றுக்கும் காரணம். வரலாற்றில் காரியும் ஓரியும் போர்க்களத்தில் எதிர்ந்தனர். காரி ஓரியைக் கொன்று, அவனுடைய கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இரண்டு வள்ளல்கள், இரண்டு மெய்யான விடைகள், ஒன்று மற்றொன்றை அழித்தது. தனித்தனி நோக்குகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது மெய்யாகின்றன, தானே முழுமை எனத் தனித்து நிற்கும்போது பொய்யாகின்றன என்பது சித்தசேனர் தம் சன்மதி நூலில் நிறுவிய கருத்து. புதிரின் கட்டங்கள் இதற்குத் தக்க சான்று. குறுக்கே வரும் சொல்லைச் சார்ந்தே ஒவ்வொரு சொல்லும் உறுதி பெறுகிறது.

திறமையும் சூதும்

குறுக்குச் சொல்லே இல்லாத கட்டம் அமைந்தால் என்னாகும்? இதற்கு நம் நாட்டின் சட்ட வரலாறே விடை கூறும். 1930-களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட இதழ்கள் பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. பின்னர் நாடெங்கும் அவை பெருவணிகமாக வளர்ந்தன. அத்தகைய போட்டிகள் பலவற்றில் இரண்டு சொற்கள் ஒன்றுபோல் பொருந்துமாறு குறிப்பு அமைந்திருக்கும். வேறுபடும் எழுத்து நிற்கும் கட்டத்தின் வழியே வேறு சொல் செல்லாது. காரியா, ஓரியா என்பதை அறிவால் முடிவு செய்ய இயலாது. போட்டி நடத்துவோர் உறையிலிட்டு மூடி வைத்த விடையே முடிவு. மக்கள் இரண்டையும் எழுதி இருமடங்கு கட்டணம் செலுத்தினர்.

இதனைக் கட்டுப்படுத்த 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மாதத்துக்குரிய பரிசுத் தொகை 1,000 ரூபாயைக் கடக்கலாகாது. ஒரு போட்டிக்கு 2,000 விடைத்தாள்களுக்கு மேல் ஏற்கலாகாது என அச்சட்டம் வரையறுத்தது. குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சாமர்பாக்வாலா என்பார் தொடுத்த வழக்கில், 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் தமிழரான நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர். வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டி வேறு, சூதின் தன்மை உடைய போட்டி வேறு. சட்டம் கட்டுப்படுத்துவது பின்னதையே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வியப்பு யாதெனில், குதிரைப் பந்தயமும் இதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் பந்தயத்தைத் தடுக்க 1974-இல் சட்டம் வந்தது. நெடுநாள் வழக்குக்குப் பின், 1996-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த விளையாட்டே என உச்ச நீதிமன்றம் முடிவு கூறிற்று. குதிரையின் வமிசம், பயிற்சி, ஏறுவோனின் தேர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்தறியலாம் என்பது அதற்குக் காரணம். ஏழு வியசனங்களுள் சூதினை முதலாவதாக வைத்த நம் சமயத்தார்க்குப் பந்தயப் பணம் உகந்ததன்று. எனினும் சட்டத்தின் வினாவை நாம் மதிக்கிறோம். ஆராய்ந்தறிய வழியிருந்தால் திறமை. வழியை அடைத்துவிட்டால் சூது. நாமும் ஒருவரைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் கேட்டு, அதனைக் குறுக்கே சோதித்துப் பாராமல் முடிவு கட்டும்போது, பணம் வைக்காமலே சூதாடுகிறோம். பணயம் மற்றவருடைய நற்பெயர்.

ஆனால் இவ்வழக்குகளில் வேறொன்றும் புலனாகிறது. பந்தயம் மனிதனுக்குத் திறமையா, சூதா என வினவப்பட்டது. ஓடுகின்ற குதிரைக்கு அது யாது என்பது அவ்வழக்கின் வினாவாக அமையவில்லை.

குதிரையின் பக்கம்

நம் புதிரிலும் அதே குறை இருந்தது. குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தோம். அடக்குவதற்கு வாயில் இடுவது: கடிவாளம். விரைவுபடுத்த உதவுவது: சவுக்கு. ஏறுவோன் அமர்வது: சேணம். ஏறுவோன் கால் வைப்பது: அங்கவடி. பாதத்தில் அடிப்பது: லாடம். செஞ்சித் தேசிங்கு ராசன் ஏறியது: பாராசாரி. புதிர் முழுமையும் குதிரையைப் பற்றியது. ஒரு குறிப்பேனும் குதிரையின் பக்கம் நின்று எழுதப்படவில்லை. எல்லாக் குறிப்பும் அதன் முதுகின் மேல் அமர்ந்தே எழுதப்பட்டவை.

இதனை நம் கவனத்துக்குக் கொண்டுவந்தவள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. “ஆயா, இதுக்கெல்லாம் குதிரை என்னா பேரு வெச்சிருக்கும்?” என்று அவள் கேட்டாள். அன்று நாம் விடுவித்த புதிரில் மிகக் கடினமான வினா அச்சிட்ட தாளில் இல்லை. அது இச்சிறுமியின் வினாவே.

கடிவாளத்தின் இரும்பு, குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையிலுள்ள வெற்று ஈறின் மேல் அமைகிறது. நாம் அதனைக் கடிவாளம் என்கிறோம். குதிரைக்கு அது வாயில் விழும் இழுப்பு. இன்னொன்றும் நோக்குக. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், அது ஏறத்தாழ 350 பாகை அளவு சுற்றிலும் காண வல்லது. நேர் முன்னே நெற்றியை ஒட்டிய சிறு பகுதியும் நேர் பின்னேயுள்ள சிறு பகுதியும் மட்டுமே அதன் பார்வைக்கு அகப்படா. இயற்கை குதிரைக்கு அநேகாந்தப் பார்வையை அளித்திருக்கிறது எனலாம். மனிதனோ வண்டியில் பூட்டும்போது கண்ணோரம் தோல்மறைப்புக் கட்டி, அதனை ஒரே திசை காணச் செய்கிறான். பல பக்கம் காணும் உயிர்க்கு ஒரு பக்கப் பார்வையைப் புகுத்துவது யாருக்கு நன்மை? செலுத்துவோனுக்கு மட்டுமே. மனிதரிடையிலும் இது பொருந்தும். நம் கண்ணோரம் யாரேனும் மறைப்புக் கட்ட முனைந்தால், நம்மைச் செலுத்த எண்ணுகிறார் என்பது பொருள்.

சிறுமியின் வினாவுக்கு நம் நூல்களிலேயே விடை இருப்பதைக் கண்டோம். தத்துவார்த்த சூத்திரம், கொல்லாமை அணுவிரதத்துக்கு வரும் ஐந்து பழுதுகளை எண்ணித் தருகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவ்வைந்தையும் சிறுவயது முதல் ஓதி வந்திருக்கிறோம். அவற்றைக் குதிரைப் புதிரின் அருகே வைத்துப் பாருங்கள். கயிறும் கடிவாளமும் முதலாவதன்கண் அடங்கும். சவுக்கு இரண்டாவது. வாய்ப்புண் மூன்றாவது. பெருஞ்சுமை நான்காவது. ஐந்தாவதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளில் மிகச் சிலவே ஆண்டிறுதியில் எஞ்சின என்றும், அவற்றைப் பேணும் முறை இங்கு அறியப்படவில்லை என்றும், இறைச்சி கலந்த சோறு அவற்றுக்கு ஊட்டப்பட்டது என்றும் எழுதி வைத்தார். புல்லுண்ணும் உயிர்க்குப் புலால் சோறு! கொடுத்தவர் கொடுமை எண்ணிக் கொடுக்கவில்லை. குதிரையின் பக்கம் நின்று பாராமையால் கொடுத்தனர்.

சூத்திரம் பன்னூற்றாண்டுகட்கு முன் கூறியதன் எதிரொலி இக்காலச் சட்டத்திலும் கேட்கிறது. வண்டியிழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கென 1965-இல் இயற்றப்பட்ட விதிகள் சுமைக்கு எல்லை வகுத்தன. முள் பதித்த கோலையும் முள் பதித்த கடிவாளத்தையும் விலக்கின. மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம் குதிரை. அவர் திருவுருவத்தின் பீடத்தில் பொறிக்கப்படும் அக்குதிரையின் மேல் ஏறுவோன் இல்லை என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும்.

சேணத்தின் நான்கு முகம்

நாம் வாழும் பகுதி தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என ஊர்தோறும் தோல் பதனிடும் கூடங்களும் காலணித் தொழிற்சாலைகளும் உள்ளன. இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே, 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கின் மனைவியால் என்பர். சேணம் தைக்கும் தொழில் கான்பூரில் மிகுதி. இங்குக் காலணியே முதன்மை. எனினும் ‘சேணம்’ என்னும் மூன்று கட்டத்தை நிரப்பிய கையோடு அதனைச் சற்று ஆராய்வது, இப்பகுதியில் வாழும் நமக்குக் கடமையாகும்.

ஏறுவோனுக்குச் சேணம் இருக்கை. குதிரைக்கு அது சுமை. தைப்பவனுக்கு அன்றாட உணவு. கொல்லாமை நோன்பிக்கு அது மாண்ட உயிரின் தோல். இந்நான்கில் பொய் ஒன்றுமில்லை. அப்படியாயின் நோன்பி என் செய்வது? நான்கும் உண்மை என்று கூறிக்கொண்டே தோற்பொருளை வாங்கிவிடலாமா? கூடாது. இங்கும் குறுக்குச் சொல் உண்டு. அது அவர் ஏற்ற விரதம். விரதம் என்னும் நெடுவரி அவர் வாழ்வின் வழியே செல்கிறது. அதனோடு பொருந்தும் விடையையே அவர் எழுத வேண்டும். ஆதலின் தோலை அவர் விலக்குகிறார். அவ்விலக்கு அவர் கட்டத்துக்கு உரிய விடை.

ஆனால் அதே விடையைக் கொண்டு தைப்பவனை இகழ அவருக்கு உரிமையில்லை. அவன் கட்டத்தின் வழியே வேறு சொற்கள் செல்கின்றன: பசி, பிள்ளைகளின் படிப்பு, கைவந்த தொழில். தோலைத் தொட்டவரைத் தீண்டலாகாதார் என்று ஊருக்கு வெளியே நிறுத்திய கொடுமையைத் தமிழகம் நெடுங்காலம் செய்தது. விலங்கின் தோலுக்கு இரங்கி, அதனைத் தொட்ட மனிதனை வதைப்பது எவ்வகை அகிம்சை? அதுவும் இம்சையே.

இன்னும் ஒரு படி செல்வோம். தோற்செருப்பை விலக்கிய நம் இல்லங்களில் திருமணத்துக்கு ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் வந்து சேர்வதுண்டு. கூட்டுப்புழு உயிரோடிருக்கும்போதே கூட்டை வெந்நீரில் இட்டு நூல் எடுப்பதை நாம் அறியாதவர் அல்லேம். தோல் என்னும் கிடைவரிக்கு ஒரு விடையும், பட்டு என்னும் நெடுவரிக்கு வேறு விடையும் எழுதினால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் எழுத்து முரண்படும். முரண்பட்ட கட்டம் நம்மைப் பழிப்பதற்கு அமைந்ததன்று. எங்கோ ஒரு சொல்லை ஆராயாமல் எழுதிவிட்டோம் என்று அறிவிப்பதற்கு அமைந்தது. பிறர் கட்டத்தைத் திருத்தப் புகுமுன் நம் கட்டத்தை ஒருமுறை நோக்குவது நலம்.

ஐயம் யாருக்குச் சார்பாதல் வேண்டும்?

இறுதியாக ஓர் ஐயப்பாடு எஞ்சுகிறது. குறுக்குச் சொல் கிடைக்கும்வரை பென்சிலால் எழுதிக் காத்திருப்பது புதிருக்குப் பொருந்தும். வாழ்க்கையில் சில வேளை காத்திருத்தலே தீங்காகும். அறிவு நிரம்புமுன் செயல் வேண்டப்படும் இடத்தில் எதனைத் துணையாகக் கொள்வது?

பாலாறு இதற்கு விடை பகர்கிறது. தோல் பதனிடுவோர் விட்ட கழிவுநீரால் ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பாயிற்று; தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என ஆய்வறிக்கையொன்று கூறியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வறிக்கையை எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது. மீளாத் தீங்கு நேரும் என்னும் அச்சம் உள்ளபோது, அறிவியல் முழு உறுதி கூறவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது. தம் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு செய்வோரையே சாரும் என அத்தீர்ப்பு வரையறுத்தது. அதே தீர்ப்பு, தொழிலாளர் பக்கத்தையும் மறக்காமல் அவர்தம் உரிமைகளுக்கும் வழிவகுத்தது.

ஆறு வாய் திறந்து முறையிடாது, குதிரையும் முறையிடாது. பேசுவோர் தம் பக்கத்தைத் தாமே கூறிக்கொள்வர். பேச இயலாதவற்றின் பக்கத்தை வேறு யார் கூறுவது? ஆதலின் ஐயம் எழும்போதெல்லாம் அதன் பயன் வாயில்லா உயிர்க்குச் சேர வேண்டும். அநேகாந்தம் அகிம்சையில் சென்று முடிவது இவ்விடத்தில்தான். எல்லாப் பக்கமும் காண வேண்டும் என்பவர், முதலில் தம் பக்கத்தைக் கூற இயலாத உயிரின் பக்கத்தையன்றோ தேடிக் காண வேண்டும்?

புதிர் கற்பித்தவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். மனிதரைப் பற்றிய முடிவுகளைப் பென்சிலால் எழுதுவோம். குறுக்கே செல்லும் சொல்லைக் கேட்டறியாமல் மையூற்றி எழுத வேண்டா. நம் விரதத்துக்குரிய விடையை உறுதியாக எழுதுவோம். அதனைப் பிறர் கட்டத்தில் திணிக்க வேண்டா. எவ்வினாவிலும், இதில் யாருடைய பக்கம் எழுதப்படவில்லை என்று ஒருமுறை கேட்போம்.

குதிரைக்கு நாம் இட்ட பெயர்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஒன்றேனும் குதிரை தானே இட்டுக்கொண்டதன்று. இதனை நினைவில் வைத்தால் புதிரும் ஒரு சுவாத்தியாயமே. இல்லத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து புதிர் விடுவிக்கும் பெரியோர், விடைகளைச் சரிபார்த்தபின் அச்சிறுமி கேட்ட வினாவையும் கேட்டுப் பார்ப்பாராக. அதற்குரிய கட்டம் தாளில் இராது. அதனை நம் ஒழுக்கத்தில்தான் நிரப்ப வேண்டும்.